பூட்டிய அறைக்குள் தமிழ்

தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டத்தில் சித்தேரி மலை உள்ளது. அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயர்தான் அப்படி; பேச்சு தமிழ்ப் பேச்சு. வானம் பார்த்த நிலம் வயிற்றை நிரப்பாதபோது அவர்கள் மலையை விட்டிறங்கிக் கூலிக்குப் போகின்றனர். அழைப்பவன் யார், அழைக்கும் இடம் எது, அழைக்கும் வேலை எத்தகையது என்று துருவிக் கேட்பதற்குப் பசி அவர்களுக்குப் பொழுது கொடுப்பதில்லை.

2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசல மலைக்காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரக் கடத்தலைத் தடுப்பதற்கென அமைந்த படையினர் அதனை 'மோதல்' என்றனர். பேருந்தில் சென்றுகொண்டிருந்தவர்களைப் பிடித்திறக்கிக் கொண்டு போயினர் என்று தப்பி மீண்டவர்கள் கூறினர். மாண்டவருள் திருவண்ணாமலை மாவட்டத்தாரும் இருந்தனர். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப் பக்கத்தாரும் இருந்தனர். கடைசி நேரத்தில் அவர்கள் என்ன கதறினர், அக்கதறல் எவன் செவியில் தமிழாகவே ஏறிற்று, எவன் செவியில் வெறும் ஓசையாக விழுந்தது என்பதை அறிந்து சொல்ல அந்தக் காட்டில் ஒரு சான்றாளனும் எஞ்சவில்லை.

அதே ஆண்டு, இத்தாலி நாட்டு வெனிசு நகரின் திரைப்பட விழாவில் ஒரு தமிழ்ப்படம் காட்டப்பட்டது. வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' என்பது அது. 2016 பிப்பிரவரி 5ஆம் நாள் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. பிழைப்புத் தேடிக் குண்டூருக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் சிலர், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி காவற் கொட்டடியில் அடைத்து அடிக்கப்படுகின்றனர். படத்தின் முற்பாதி பெரும்பாலும் அந்தக் கொட்டடியை விட்டு வெளியேறுவதில்லை. பார்ப்பவன் மூச்சும் அந்தச் சுவர்களுக்குள்ளேயே அடைபட்டுப் போகிறது. அடி எப்பொழுது விழும், கதவு எப்பொழுது திறக்கும் என்னும் பதைப்பில் இருக்கையின் விளிம்பிற்கு வந்துவிடுகிறான்.

அந்தக் கொட்டடியின் உண்மையான பூட்டு எது? இரும்புப் பூட்டா? அன்று, மொழிப்பூட்டு. உள்ளிருப்பவன் தமிழில் அலறுகிறான். வெளியிலிருப்பவன் தெலுங்கில் உறுமுகிறான். முறைமன்றத்தில் நிறுத்தப்படும் நாளில், வேறொரு வேலையாக அங்கு வந்திருந்த தமிழ்நாட்டுக் காவல் அலுவலர் ஒருவர் அவர்கள் பேச்சைத் தெலுங்கிற்கு மாற்றிச் சொல்கிறார். அப்பொழுதுதான் பூட்டுத் திறக்கிறது. ஒரு மொழிபெயர்ப்பு ஒரு சாவியாகிறது. கோவையைச் சேர்ந்த தானியோட்டுநர் மு. சந்திரகுமார், தாம் குண்டூர்க் கொட்டடியில் பட்டவற்றை எழுதிய நூலே இப்படத்திற்கு அடிப்படை. எனவே இது எவனோ கற்பனையில் கட்டிய கொட்டடியன்று.

தமிழ்த் திரையுலகத்தார் தம் கையாலேயே எடுத்துக் காட்டிய இந்தப் பாடத்தைத் தாமே படித்தார்களா என்பதே இங்குக் கேட்க வேண்டிய கேள்வி.

சொல்லே சுவர், சொல்லே கதவு

ஒரே இடத்தில் அடைபட்ட விறுவிறுப்புப் படம் என்பது திரைக்கலையில் ஒரு தனி வகை. ஓர் அறை, ஒரு பேருந்து, ஒரு திரையரங்கு, ஒரு நீர்மூழ்கி, இவ்வளவே களம். அங்கே மலையருவி இல்லை. வெளிநாட்டுத் தெருக்களில் ஆடும் ஆட்டம் இல்லை. ஊர்திகள் பறந்து மோதும் கூத்தும் இல்லை. கண்ணுக்கு விருந்து வைத்து ஏமாற்றும் வழிகள் எல்லாம் அடைபட்டுப் போகின்றன. அதன்பின் எஞ்சுபவை மூன்று: முகம், ஒலி, சொல். இம்மூன்றிலும் சொல்லே தலையாயது. யார் என்ன சொன்னான், ஏன் அதைச் சொன்னான், எதை மறைத்துச் சொன்னான் என்னும் நூலிழையில்தான் படம் முழுவதும் தொங்குகிறது. திறந்த வெளிப் படத்தில் பத்துச் சொல் பழுதுபட்டாலும் பாட்டும் கூத்தும் மூடி மறைத்துவிடும். அடைத்த அறைப் படத்தில் ஒரு சொல் பழுதானாலும் அது பொத்தலாகத் தெரியும்.

பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் நிற்கும் என்பதைச் சு. பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954ஆம் ஆண்டிலேயே காட்டிற்று. ஒரு கொலை, ஓர் உசாவல், ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வெளிப்படும் ஒவ்வொரு கதை என்னும் கட்டுமானத்தில், சொல்லை நம்பியே அப்படம் எழுந்தது. பாட்டில்லாப் படத்தைத் தமிழன் பார்க்கமாட்டான் என்று சொல்லித் திரிந்த வணிகர்களுக்கு அது கொடுத்த அறை இன்றும் கேட்கிறது.

அந்த வழியின் உச்சம் என்று 2019ஆம் ஆண்டு வந்த ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். பார்த்திபன் எழுதி, இயக்கி, தாம் ஒருவரே நடித்த 'ஒத்த செருப்பு' அது. காவல் நிலையத்து உசாவல் அறை. அதில் ஐயத்தின்பேரில் பிடித்து வரப்பட்ட மாசிலாமணி என்னும் காவற்காரன். வெளியே நோயுற்ற மகன். கேள்வி கேட்கும் அலுவலர்களை ஒரு நொடியும் கண்ணால் காண முடியாது. அவர்கள் குரல் மட்டுமே வரும். திரையில் தெரிபவன் ஒருவன். செவியில் கேட்பவர் பலர். ஆற்றலில்லா எளியவன் ஒருவன், அடைத்த அறைக்குள்ளிருந்து, நாவன்மை ஒன்றையே படைக்கருவியாகக் கொண்டு, தன்னைச் சுற்றியிருக்கும் அதிகாரக் கூட்டத்தைத் தடுமாற வைக்கிறான். நடுவணரசின் 67ஆம் திரைப்பட விருதுகளில் அதற்கு நடுவர் குழுவின் தனிச் சிறப்பு விருதும், இரசூல் பூக்குட்டியின் ஒலிக்கலவைக்கான விருதும் கிடைத்தன. ஒலிக்கே விருது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செவிவழி நுழைந்த தமிழ்தான் அந்த அறையைக் கட்டியது.

'விசாரணை'யில் மொழி பூட்டு. 'ஒத்த செருப்'பில் மொழி சாவி. இவ்விரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவனுக்கும் ஓர் உண்மை விளங்காமற் போகாது. மாந்தனிடமிருந்து நிலத்தைப் பறித்து, காற்றை மறித்து, கதவை அடைத்து, துணையை விலக்கிவிட்டாலும் கடைசியாக அவனிடம் எஞ்சுவது தாய்மொழி. அதையும் கெடுத்துக்கொண்டவன் வெறுங்கையன்.

உள்ளே தமிழ், நெற்றியில் ஆங்கிலம்

இவ்வளவு அருமை தெரிந்த கலைஞர்கள் தம் படங்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்.

மேலே சொன்ன படத்தின் முழுப்பெயர் 'ஒத்த செருப்பு' அன்று. 'ஒத்த செருப்பு சைசு 7'. ஒற்றை என்பதை மக்கள் வழக்காக ஒத்த என்றது அழகு. செருப்பு என்பது தூய தமிழ். அதன்பின் ஏன் 'சைசு'? அளவு என்னும் சொல் என்ன பிழை செய்தது? தருமபுரி கடைத்தெருவில் செருப்பு வாங்கும் உழவன் "என்ன அளவு?" என்று கேட்டால் கடைக்காரனுக்கு விளங்காதா? ஒற்றைச் செருப்பைத் தமிழுக்குக் கொடுத்துவிட்டு, அதன் இணையை ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கிறார் பார்த்திபன்.

அவரே 1999ஆம் ஆண்டு இன்னொரு படம் எடுத்தார். ஒரு திரையரங்கிற்குள் குண்டு வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே மக்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஓரிட விறுவிறுப்புக்கு இதைவிட ஒரு களம் வேண்டுமா? அப்படத்திற்கு வைத்த பெயர் 'அவுசுபுல்'. 'அரங்கு நிறைந்தது' என்று தமிழ்நாட்டுக் கொட்டகைகளின் வாயிலில் தொங்கிய பலகையை அவர் காணாதவரா? நடுவணரசு அதற்குச் 'சிறந்த தமிழ்ப்படம்' என்று விருதளித்தது. சிறந்த தமிழ்ப்படம், பெயர் மட்டும் தமிழன்று! இந்த இழிவைச் சுட்டிக்காட்ட அன்றைக்கு எத்தனை திறனாய்வாளர்கள் வாய் திறந்தனர்? இருக்கைக்கு அடியில் குண்டு இருப்பதை அறியாமல் படம் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தின் கதை அது. தமிழினத்தின் கதையும் அதுவே என்பதைப் படமெடுத்தவரும் அறியவில்லை, பார்த்தவரும் அறியவில்லை.

2022ஆம் ஆண்டு நயன்தாரா நடித்த ஒரு படம் இணையவழித் திரையில் வெளிவந்தது. கோவையிலிருந்து கொச்சிக்குச் செல்லும் பேருந்து ஒன்று நிலச்சரிவில் புதைந்துபோகிறது. உள்ளே ஒரு தாய். நுரையீரல் நோயுள்ள அவள் மகன். அவன் உயிரைக் காக்கும் காற்றுக் குடுவை. மற்றவர் கண்களெல்லாம் அக்குடுவையின் மேல் பாய்கின்றன. மூச்சுக்கு மூச்சு நடுங்க வைக்கும் கதை. இதற்குப் பெயர் 'ஓ2'. ஆங்கில எழுத்தொன்றும் ஓர் எண்ணும் சேர்ந்த வேதியியல் குறி! அக்காற்றுக்குத் தமிழில் 'உயிர்வளி' என்று பெயருண்டு. உயிர் என்னும் சொல்லும் வளி என்னும் சொல்லும் கைகோத்து நிற்கும் அப்பெயரைவிட அந்தக் கதைக்குப் பொருந்துவது உலகில் எம்மொழியிலாவது உண்டா? பிள்ளையின் உயிரையும் தாயின் உயிரையும் ஒருசேரச் சொல்லும் பெயரைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக் குறியைத் தூக்கி நெற்றியில் ஒட்டிக்கொள்வதற்குப் பெயர் புதுமையா? வறுமை! கருவூலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு பிச்சையெடுப்பவனின் வறுமை!

'விசாரணை' என்பதும் வடசொல்லே. உசாவல் என்னும் தமிழ்ச்சொல் இருக்கிறது. உசாவுதல் இன்றும் எழுத்தில் வழங்குகிறது. ஆயினும் அதனை அயன்மொழி என்றே உணராத அளவிற்கு அச்சொல் மக்கள் வாயில் ஊறிவிட்டது. ஆங்கிலக் கலப்பை இன்று தடுக்காவிடில் 'சைசும்' 'அவுசுபுல்லும்' நூறாண்டுக்குப்பின் அவ்வாறே ஊறிப்போகும் என்பதற்கு அதுவே எச்சரிக்கை.

வரிக்குத் தமிழ், வாழ்வுக்கு ஆங்கிலமா?

2006ஆம் ஆண்டு கருணாநிதி தலைமையிலான அரசு, தமிழ்ப்பெயர் தாங்கிவரும் படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று அறிவித்தது. உடனே என்ன நடந்தது? 'எம்டன் மகன்' ஒரே இரவில் 'எம் மகன்' ஆனான். 'ரோபோ' என்று பேசப்பட்ட பெரும்படம் 2010ஆம் ஆண்டு 'எந்திரன்' என்று வந்து கோடிகளைக் குவித்தது. தமிழ்ப்பெயர் வைத்தால் படம் ஓடாது என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் அந்நாளில் எந்தப் பொந்தில் ஒளிந்தனர்? 2011ஆம் ஆண்டு பெயரோடு உள்ளடக்கத்தையும் பார்க்கும் நெறிகள் சேர்க்கப்பட்டன. 2017 சூலை முதல் நாள், சரக்கு சேவை வரி என்னும் பெயரில் தில்லி தன் வரிவலையை நாடெங்கும் விரித்தபோது, பழைய கேளிக்கை வரியும் அதன் விலக்கும் பொருளற்றுப் போயின. விலக்குப் போனதும் பலருக்குத் தமிழ்ப்பற்றும் போயிற்று. வரிக்காகப் பிறந்த பற்று வரியோடு செத்தது!

சலுகை காட்டினால்தான் தாயைத் தாய் என்று அழைப்பேன் என்பவனை எப்பெயரிட்டு அழைப்பது? ஆயினும் அச்சலுகை ஓர் உண்மையை மெய்ப்பித்துச் சென்றது. தமிழில் பெயரில்லை என்பது பொய். தேட மனமில்லை என்பதே மெய்.

எதிர்வாதங்களும் அவற்றின் எலும்பும்

"அயல்நாட்டிலும் விற்க வேண்டும், அதற்கு ஆங்கிலப் பெயர் வேண்டும்" என்பது ஒரு வாதம். செருமானியர் 1981ஆம் ஆண்டு 'தாசு போட்' என்னும் படமெடுத்தனர். உலகப்போர்க் காலத்து நீர்மூழ்கி ஒன்றுக்குள் அடைபட்ட மாலுமிகளின் கதை. ஓரிட விறுவிறுப்புப் படங்களைப் பற்றிப் பேசும் எவரும் அதை விட்டுப் பேச முடியாது. 'படகு' என்பதுதான் அப்பெயரின் பொருள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது அந்தச் செருமானியப் பெயராலேயே அறியப்படுகிறது. ஆங்கிலேயன் நாவுதான் செருமானியத்துக்கு வளைந்ததே தவிர, செருமானியன் முதுகு ஆங்கிலத்துக்கு வளையவில்லை. ஓர் அறைக்குள் பன்னிரண்டு முறைகாண் ஆயத்தார் ஒருவன் உயிரைப் பற்றி வாதிடும் அமெரிக்கப் படம் 1957ஆம் ஆண்டு வந்தது. அவர்கள் தம் மொழியில் பெயர் வைத்தனர். தமிழன் பார்க்க வேண்டுமென்று தமிழில் வைத்தனரா? உலகம் அவற்றைத் தேடிப்போய்ப் பார்த்தது.

"மக்கள் கலந்துதானே பேசுகின்றனர்? உள்ளதைத்தானே காட்டுகிறோம்" என்பது இரண்டாம் வாதம். எந்த மக்கள்? சென்னையின் ஒரு சில தெருக்கள்தாம் தமிழ்நாடா? பென்னாகரத்துச் சந்தையிலும் பாலக்கோட்டு வயலிலும் சித்தேரி மலைச்சரிவிலும் பேசப்படும் மொழியைக் கேட்டவனா இதைச் சொல்கிறான்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் கடைசியாக நின்றது தருமபுரி. அங்கே பலருக்குத் திரைப்படமே ஏடு, திரைப்படமே ஆசான். அவர்கள் பேசாத கலப்பு மொழியைத் திரை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது; கற்ற பிறகு "மக்கள் இப்படித்தானே பேசுகின்றனர்" என்று அவர்கள் தலையிலேயே பழியைப் போடுகிறது. கிணற்றில் நஞ்சைக் கொட்டியவனே "ஊர்த் தண்ணீர் இப்படித்தான் கசக்கும்" என்பதுபோன்ற கயமை இது. ஆங்கிலம் பேசி மிரட்டும் அலுவலனைப் படத்தில் காட்டவேண்டுமென்றால் காட்டட்டும். அது அதிகாரத்தின் முகத்தைத் தோலுரிப்பதாகும். ஆனால் உழைப்பவன் வாயிலும் தாய் வாயிலும் படத்தின் நெற்றியிலும் ஆங்கிலத்தைத் திணிப்பது தோலுரிப்பதன்று. அதிகாரத்தின் தோலைத் தானே எடுத்துப் போர்த்திக்கொள்வது.

மூன்றாம் வாதம் கனமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "விசாரணை படத்தின் பிற்பாதியில் அந்தத் தொழிலாளர்களைத் தீர்த்துக்கட்டுவது தமிழ் பேசும் காவல்துறைதானே? மொழி ஒன்றாக இருந்து என்ன காத்தது?" என்று கேட்பாருண்டு. கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடையும் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது.

வாச்சாத்தி சொல்லும் விடை

அரூர் வட்டத்து வாச்சாத்தியில் 1992 சூன் 20ஆம் நாள் காட்டுத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தனர். சந்தனமரத் தேடுதல் என்று பெயர். வீடுகள் சூறையாடப்பட்டன. மக்கள் அடித்து நொறுக்கப்பட்டனர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். அரூர்க் காட்டுத்துறை அலுவலகத்தில் அடைத்து வைக்கப்பட்டு, பின்னர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அடைத்தவன் மொழியும் தமிழ். அடைபட்டவன் மொழியும் தமிழ். மொழி ஒன்றானது அக்கொடுமையைத் தடுக்கவில்லை. இதை மறைத்துப் பேசுவது தமிழ்ப்பற்று ஆகாது.

ஆயின் அக்கொடுமையை முறைமன்றத்தின் முன் நிறுத்தியது எது? அப்பெண்களின் வாய்ச்சொல். பள்ளி காணாத அவர்கள், கொடுமை செய்தவர்களை அடையாளங்காட்டி, தம் மலையடித் தமிழில் நடந்ததை நடந்தவாறே சொன்னார்கள். அச்சொல்லைக் குறுக்கு உசாவலால் உடைக்கப் பார்த்தனர், உடைக்க முடியவில்லை. 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்தம்பர் 29ஆம் நாள், தருமபுரி முறைமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் வழக்குக் காலத்திலேயே இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். 2023 செப்தம்பர் 29ஆம் நாள் சென்னை உயர்முறைமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலைக்குப் பத்து இலக்கம் உரூபா இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

ஆகவே தெளிவாக விளங்குவது இது: தாய்மொழி கொடியவனை நல்லவனாக்கிவிடாது; ஆனால் கொடியவனுக்கு எதிராக எளியவன் எழுந்து நிற்பதற்கு அதுவன்றி வேறு ஊன்றுகோல் இல்லை. வாச்சாத்திப் பெண்கள் தம் மொழி விளங்கும் மண்ணில் நின்றதால் தம் வழக்கைத் தாமே பேச முடிந்தது. சேசாசலக் காட்டில் விழுந்த இருபதின்மர்க்கும் அந்த வாய்ப்பும் இல்லை. ஆந்திரச் சிறைகளில் நூற்றுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த தமிழ் மரவெட்டிகளுக்குத் தம் மேல் சாற்றிய குற்றமே என்னவென்று விளங்காத மொழியில் வழக்கு நடந்தது. குற்றம் செய்தவனாகவே இருக்கட்டும். அவன் மொழியில் அவனைக் கேட்காமல் தண்டிப்பது எந்த நாட்டு முறை? இது தெலுங்கு மக்கள் மேல் கொண்ட பகையன்று. தமிழ்நாட்டுக் கொட்டடியில் ஒரு தெலுங்குக் கூலி அடைபட்டாலும் அவனுக்கும் இதே உரிமை வேண்டும்.

இந்திய உச்சமுறைமன்றமே இதனை ஒப்பியுள்ளது. அரிகிசன் என்பவரைத் தடுப்புக் காவலில் வைத்த மராட்டிய அரசு, அதற்கான கரணியங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. அவருக்குத் தெரிந்தது இந்தி மட்டுமே. காவல் அலுவலர் வாய்மொழியாக விளக்கினார் என்று அரசு வாதிட்டது. 1962ஆம் ஆண்டு உச்சமுறைமன்றம் அவ்விளக்கம் போதாது என்று தள்ளி, அவரை விடுவித்தது. இந்தி பேசுவோனுக்கு 1962இல் விளங்கிய முறை, தமிழ் பேசும் மலைவாழ் கூலிக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

வாச்சாத்திப் பெண்களின் தமிழ்ச்சொல் உயர்முறைமன்றத்துக்குப் போனதும் ஆங்கிலமாக வேண்டியிருந்தது. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர்முறைமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழுக்கும் இடம் வேண்டுமென்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டிலேயே தீர்மானம் இயற்றியது. உச்சமுறைமன்றம் இசையவில்லை என்று சொல்லி நடுவணரசு கைவிரித்துவிட்டது. தன் மண்ணில், தன் மன்றத்தில், தன் வழக்கைத் தான் கேட்டு விளங்கிக்கொள்ள முடியாத தமிழன், திறந்த வெளியில் நடமாடினாலும் பூட்டிய அறைக்குள் இருப்பவனே!

பாப்பாரப்பட்டியின் குரல்

அடைத்த அறையின் கொடுமையைத் தன் உடம்பால் அறிந்த ஒருவர் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் உறங்குகிறார். 1908ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரனாரோடு சிறைப்பட்ட சுப்பிரமணிய சிவா அவர். வெள்ளையன் சிறை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்து அனுப்பியது. அந்நோயைக் காட்டித் தொடர்வண்டியில் ஏறவிடாமல் தடுத்தபோதும் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1925 சூலை 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். அவர் போற்றியது பாரதம் என்னும் கருத்தை. அதில் தனித்தமிழ் அன்பர்க்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், மறைமலையடிகள் 1916ஆம் ஆண்டு தனித்தமிழ்க் கொடியை ஏற்றுவதற்கு ஓராண்டு முன்பே, 1915இல், தம் 'ஞானபாநு' இதழில் பிறமொழிக் கலப்பின்றித் தனித்தமிழில் எழுதுவோர்க்கு ஐந்து உரூபா பரிசு என்று அறிவித்தவர் அவர். இதழின் பெயரே வடமொழியாயிருந்த காலத்தில், தம் நடையிலும் வடசொல் மிகுந்திருந்த நிலையில், தூய தமிழ் இயலுமா என்று கேட்டு நாட்டுக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். தம் குறையைத் தாமே கண்டு திருத்த முனைந்த அந்த நேர்மை இன்றைய திரைப்பட முதலாளிகளுக்கு வருமா? நோயாளியான ஒரு நாட்டுத்தொண்டர் தம் வறுமையிலும் தமிழுக்கு ஐந்து உரூபா எடுத்து வைத்தார். கோடிகளைப் புரட்டும் இவர்களோ ஒரு பெயரைத் தமிழில் வைப்பதற்குக் கணக்குப் பார்க்கின்றனர்!

செய்ய வேண்டுவன

புலம்பிப் பயனில்லை. செய்ய வேண்டியவை வெளிப்படை.

ஒன்று: தமிழ்நாட்டரசு திரைப்படங்களுக்கு அளிக்கும் பரிசு, உதவித்தொகை ஆகிய அனைத்தும் தமிழ்ப்பெயரும் தமிழ் உரையாடலும் உடைய படங்களுக்கே உரியன என்று ஆணை பிறக்க வேண்டும். வரிவிலக்குப் போயிற்றே என்று கை கட்டி நிற்பது அரசுக்கு அழகன்று.

இரண்டு: பிற மாநிலங்களில் சிறைப்படும் தமிழ்த் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தமிழறிந்த வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும் முதல் நாளிலேயே கிடைக்க அரசு நிலையான ஏற்பாடு செய்ய வேண்டும். படத்தில் வந்ததுபோல் ஒரு தமிழறிந்த அலுவலர் தற்செயலாக முறைமன்றத்துக்கு வந்து சேர்வார் என்று நம்பி உயிர்களை விட்டுவைக்க முடியாது.

மூன்று: சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் ஏறும்வரை, 2006ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ஒவ்வோர் ஆண்டும் தில்லியின் முகத்தில் நீட்ட வேண்டும்.

நான்கு: சுவைஞர்கள். எல்லாவற்றிலும் வலியது இவர்கள் கையே. நல்ல படத்தை ஒதுக்க வேண்டுமென்பதில்லை. 'ஒத்த செருப்பு' போன்ற அரிய முயற்சியைப் பாராட்டத் தவறுபவன் தமிழ்க் கலைக்குப் பகைவன். பாராட்டும்பொழுதே "அளவு என்னும் சொல்லை ஏன் அளவாகவேனும் நினைக்கவில்லை?" என்று கேட்டு எழுத வேண்டும். ஊருக்குப் பத்துப் பேர் எழுதினால் போதும். அடுத்த படத்துக்குப் பெயர் வைக்கும் நாளில் அந்த மடல்கள் இயக்குநர் மேசைமேல் கிடக்கும்.

தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்தில் அம்மாவட்டத்து நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆநிரை மீட்கும் பூசலில் பட்ட வீரனின் செய்தியை ஒரு சிறு கல்லின் குறுகிய பரப்புக்குள் பழந்தமிழ் வட்டெழுத்தில் வெட்டி வைத்தனர் முன்னோர். அவனுக்கு அரண்மனை இல்லை; புலவர் கூட்டம் இல்லை. ஊராரும் உறவினரும் இருந்தனர், தமிழ் இருந்தது, அதனால் அவன் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. சேசாசலக் காட்டில் பட்ட சித்தேரி மலைக்காரனுக்கு எவர் கல் நடுவர்? அவன் கதையை ஒருநாள் ஒரு தமிழ்க் கலைஞன் படமாக எடுப்பான் என்பது உறுதி. பேருந்தில் தொடங்கி, கொட்டடியில் அடைபட்டு, காட்டில் முடியும் அந்தப் படத்துக்கு, அவன் தாய் படித்து அறியக்கூடிய ஒரு பெயரையாவது வைக்கும்படி தமிழுலகம் இப்பொழுதே சொல்லிவைக்கட்டும்!